உரல் ஒண்ணு, உலக்கை பதினாறு

வாய்யா பேராண்டி! பதினாறு கோர் போட்ட லேப்டாப்பாம், மவுஸ் அம்பு மட்டும் நகர மாட்டேங்குதாம். இன்னும் எட்டு கோர் கூட்டுனா சரியாப் போயிருமா? கூட்டுய்யா, காசு உன்னுது.

நம்ம சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. மாவிளக்குக்கு ஊறவச்ச அரிசிய இடிக்க அன்னைக்கு உரல்கிட்ட நிக்கிற கூட்டத்தைப் பாத்திருப்ப. ஒரே உரலுக்குப் பதினாறு பேரு உலக்கையோட வந்தா, இடிக்கிறவ ஒருத்தி, வேடிக்கை பாக்குறது பதினஞ்சு. உங்க லினக்ஸ் கெர்னல்ல இருக்கே ஸ்பின்லாக்குன்னு ஒரு பூட்டு, அது காத்திருக்கிறவளை உக்காரவும் விடாது. ‘காலியா, காலியா’ன்னு கேட்டுக்கிட்டே நிக்கணும். கோர் நூறு சதவீதம் உழைக்குதுன்னு திரையில காட்டும். மேஸ்திரி பாத்தா மெச்சிக்குவான்!

லினக்ஸ்காரங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. 1996-ல 2.0 வந்தப்ப, பல பிராசசரைச் சமாளிக்க கெர்னல் முழுசுக்கும் ஒரே பூட்டு, ‘பிக் கெர்னல் லாக்’. அதைக் கொஞ்சங் கொஞ்சமாச் சின்னப் பூட்டாப் பிரிச்சு, மிச்சத்தையும் பிடுங்கி எறிய 2011 ஆயிருச்சு, 2.6.39 வரைக்கும்.

பூட்டு கதை அது, கோருக்கு முறை வைக்கிற கதை வேற. ஆஸ்திரேலியாவுல கான் கோலிவாஸ்னு ஒரு மயக்க டாக்டர். ஆளைத் தூங்க வைக்கிறது தொழிலு, கம்ப்யூட்டரைத் தூங்க விடாம வைக்கிறது பொழுதுபோக்கு. அவர் காட்டுன நியாயப் பங்கீட்டு வழிய ஒத்துக்கிட்டு, 2007-ல லினக்ஸுக்கு இங்கோ மோல்னார்ங்கிறவரு சிஎஃப்எஸ்னு ஒரு ஷெட்யூலர் எழுதுனாரு. நல்லதுதான். ஆனா அது யாருக்கு எப்பக் கோருன்னு முறை வைக்குமே ஒழிய, பூட்டை அமுக்கி வச்சிருக்கிறவனை அதட்டாது.

அதே வம்பு செவ்வாய்க் கிரகம் வரைக்கும் போச்சு. 1997-ல பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கன இறங்கித் திரும்பத் திரும்ப ரீசெட் ஆச்சு. வானிலை பாக்குற சில்லறை வேலை பூட்டைப் பிடிச்சிருக்க, நடுத்தர வேலை ஒண்ணு குறுக்க பூந்து அதை ஓடவிடல. பூட்டுக்குக் காத்திருந்த தலையாய வேலை முடங்கிப் போச்சு. காத்திருக்கிறவனோட முன்னுரிமைய பூட்டு வச்சிருக்கிறவனுக்குக் கடன் குடுக்கிற வசதிய, பூமியில இருந்தே முடுக்கிவிட்டுச் சரி பண்ணுனாங்க.

உன் சங்கதிக்கு வர்றேன். உன் டிரைவர்ல இன்டரப்டை அடைச்சு, பூட்டைப் பிடிச்சுக்கிட்டு, பட்டியல் முழுக்க லூப்பு ஓட்டுறியாமே? அந்தக் கோருக்கு வந்த மவுஸ் சேதி வாசல்லயே கெடக்கும். பட்டியலைத் தொடாத வேலையை வெளிய முடிச்சுக்க. பட்டியலைத் தொடுற வரியை மட்டும் பூட்டுக்குள்ள வையி. ‘பெர்ஃப் லாக்’ கருவியை ஓட்டி, எந்தப் பூட்டுல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாரு. உன் டிரைவர் பேரு மேல வந்தா உங்க அக்காகிட்டச் சொல்லிறாத. எனக்கு இதைச் சொன்னதே அவதான்.