இருபதாயிரப்படி

சித்ரா பௌர்ணமியன்று ஐயங்கார்குளத்துக்கு வரும் கூட்டத்தில் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் உண்டு. பொரியும் பலூனும் விற்க வருகிறவர்கள் உண்டு. வீட்டு வெக்கைக்குத் தப்பி நிலா வெளிச்சத்தில் காலை நீட்டிப் படுக்க வருகிறவர்களும் உண்டு. நம்மவர் இதில் எதிலும் சேர மாட்டார். அவர் சார்ஜ் போட வருகிறவர்.

வெயில் தாழ்வதற்கு முன்பே வந்துவிடுவார். செருப்பைக் கழற்றுவதற்குள் சுவரைப் பார்த்தாகிவிடும். சஞ்சீவிராயர் கோயிலைக் கட்டிய தாத்தாச்சாரியார், அனுமன் மேல் தாம் பாடிய இருபது வடமொழிச் சுலோகங்களை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். நானூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற எழுத்து. நம்மவர் கண் அதன்மேல் ஊர்ந்து போவதைப் பார்த்து, கல்வெட்டு ஆராய்ச்சியாளர் என்று நினைத்து ஒரு பெரியவர் எழுந்து நின்றார். நம்மவர் திரும்பி, “இங்க ப்ளக் பாயிண்ட் எங்கீங்க?” என்றார்.

பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய தோள்பையைத் திறந்து காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவார். மேலாக ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில்; இரண்டும் பாவனைக்கு. கீழே ஆறு ப்ளக் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் வயரில் மூன்று இடத்தில் கறுப்பு டேப். டெஸ்டர் ஒன்று. மூன்று தலை வயர்கள் ஒரு கட்டு. அப்புறம் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள் ஒன்று. காயம் யாருக்கும் இல்லை. தன்னிடம் வரும் ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவார்: “டீக்கடைத் தம்பி 9%”, “பச்சைப் புடவை அக்கா 14%”, “தவில் 3%, அவசரம்”.

பைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, மூலவர் மாதிரி பவர் பேங்க். இருபதாயிரம் எம்.ஏ.எச். காஞ்சிபுரம் பக்கத்து வைஷ்ணவர்களுக்கு ஆயிரக் கணக்கில் பெயர் வைப்பது புதிதல்ல. திருவாய்மொழிக்குப் பிள்ளான் எழுதிய உரை ஆறாயிரப்படி, நஞ்சீயர் உரை ஒன்பதாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளை உரை இருபத்துநாலாயிரப்படி, வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலைப்படுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி. கோஷ்டியில் வந்த குறும்புக்காரர் ஒருவர் நம்மவருக்கு ‘இருபதாயிரப்படி ஸ்வாமி’ என்று திருநாமம் சாற்றிவிட்டார். அவருக்கு அதில் வருத்தமில்லை. “நாலாயிரம் சேர்ந்தா பெரியவாச்சான் பிள்ளை ஆயிடுவேன்” என்கிறார்.

இந்த இருபதாயிரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவர் யாரையும் விடுவதில்லை. டப்பாவில் போட்டிருக்கும் இருபதாயிரம், உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. போனுக்கு வெளியே வருவது 5 வோல்ட். மாற்றுகிறபோது கொஞ்சம் குறையும், சூடாகிக் கொஞ்சம் போகும். ஆக, ஐயாயிரம் எம்.ஏ.எச். போன் நாலு தடவை ஏறும் என்று கணக்குப் போட்டவன் ஏமாந்தான். இரண்டரை தடவை, மிஞ்சிப்போனால் மூன்று. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில், ரேஷன் கடை எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டவனின் களை தெரியும்.

ஊருக்கே ஏன் இந்த ராத்திரி இப்படிச் சார்ஜ் தட்டுப்பாடு என்று கேட்கலாம். ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. படியிறங்கிப் போனால் பூமிக்கடியில் மண்டபம், அதன் நடுவில் கிணறு. வருஷம் முழுக்க மண்டபம் தண்ணீருக்குள் கிடக்கும். சித்ரா பௌர்ணமிக்காக நீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதராஜர் ஊர் ஊராக எழுந்தருளி இங்கே வந்து, படியிறங்கி அந்த மண்டபத்துக்குள் போவார். பிறகு பாலாறு. வருஷத்தில் ஒரு ராத்திரி; எல்லோர் கையிலும் கேமரா. மத்தியானத்திலிருந்தே வந்து பாய் விரித்து, டிராக்டர் டிப்பரில் படுத்து, நாதஸ்வரம் கேட்டபடி காத்திருக்கிற ஜனம் அதுவரைக்கும் ரீல்ஸ் பார்க்கிறது. வேண்டிய நேரத்தில் போன் படுத்துவிடுகிறது.

போதாக்குறைக்கு அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே டவரைப் பிடித்துத் தொங்குகிறது. சிக்னல் சரியாகக் கிடைக்காத போன் டவரை எட்டிப் பிடிக்கச் சக்தியைக் கூட்டிக் கூட்டிக் கூப்பிடும். பாக்கெட்டில் சும்மா கிடந்தே பாதி பேட்டரியைத் தின்றுவிடும். “ஏரோப்ளேன் மோடுல போடு, வேணும்கிறப்ப எடு” என்பதுதான் நம்மவர் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் செய்யும் உபதேசம். யாரும் கேட்பதில்லை. பெண்டாட்டி எங்கே நிற்கிறாள் என்று தெரியாதவன் எப்படி ஏரோப்ளேன் மோடில் போடுவான்?

இருட்டும்போது அவருடைய படையெடுப்பு தொடங்கும். முதலில் தெருத்திண்ணைகள்.

“அம்மா, ஒரே ஒரு ப்ளக்.”

“ஏற்கெனவே ஃப்ரிட்ஜ் ஓடுது, ரெண்டு ஃபேன் ஓடுது, கிரைண்டர் போட்டிருக்கு. கரண்டு பில்லு யாரு கட்றது?”

“ஒரு யூனிட்டுல நாப்பது போன் ஏத்தலாம்மா. கணக்குப் போட்டுப் பாருங்க.”

“அப்ப நாப்பது பேரும் வீட்டுக்குள்ள வருவாங்களா?”

கணக்கு சரிதான். ஒரு போனை முழுசாக ஏற்ற, சேதாரம் சேர்த்து, 25 வாட்-அவர் போகும். ஒரு யூனிட்டில் நாற்பது. ஆனால் அந்த அம்மாள் போட்ட கணக்கும் சரி.

அடுத்தது மைக் செட்டுக்காரர். திருவிழா ராத்திரிகளில் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். எம்.எல்.ஏ. வந்தால்கூட எழுந்திருக்காத மனுஷர், நம்மவர் பையின் ஜிப்பைத் திறந்ததும் எழுந்துவிடுவார். “நாயனம் ஏறுறப்ப ஆம்ப்ளிஃபயர் இழுக்கும், சீரியல் செட்டு கண்ணடிக்கும். உன் பொட்டியும் கண்ணடிச்சுதுன்னா நான் பொறுப்பில்லப்பா.” நம்மவர் பின்வாங்குவார். ஏற்ற இறக்கமான வோல்டேஜ் அவருக்குப் பேய் பிசாசு மாதிரி. நம்பிக்கையும் உண்டு, பயமும் உண்டு.

மிஞ்சியது வயற்காட்டு பம்ப்செட் ரூம். விவசாயத்துக்கு 1990 முதல் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசம் என்பது நம்மவர் அடிக்கடி நினைவுகூரும் சரித்திரம். அங்கே ப்ளக் பாயிண்ட் கிடையாது. ஸ்டார்ட்டரும் ஒரு குண்டு பல்பும்தான். பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மாட்டுகிற ப்ளக் ஒன்று அவரிடம் உண்டு. மாட்டினார். ஆறு போன்கள் ஒளிர்ந்தன. வெளிச்சம் போனதால் மோட்டார்க்காரர் வாய்க்காலில் கால் வைத்தார். அப்புறம் அவர் சொன்னதைத் திருவிழா நாளில் எழுதக்கூடாது.

இடம் கிடைத்த பிறகுதான் பெரிய பிரச்சினை: ப்ளக் ஆறு, போன் முப்பது. இங்கேதான் நம்மவர் பக்கத்து உத்திரமேரூரிடம் போகிறார். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறைக்கு எழுதிய தகுதி விதிகள் அங்கே கல்வெட்டில் இருக்கின்றன: சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக் கூடாது. நம்மவர் விதிகள்: சொந்த வயர் இருக்க வேண்டும். இருபது பர்சென்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். போன வருஷம் வாங்கிய சார்ஜரைத் திருப்பித் தராதவன் பெயர் குடத்தில் விழாது. குடத்துக்குப் பதில் நீர்மோர்ப் பந்தல் எவர்சில்வர் சொம்பு. சீட்டு எடுக்க ஒரு சிறுமி. எண்பது பர்சென்ட் வந்தால் இறங்கிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு விதி, அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார்: லித்தியம் பேட்டரி எண்பது வரை விறுவிறு என்று ஏறும், கடைசி இருபதுக்குக் கரண்டைக் குறைத்துக் குறைத்து உறிஞ்சும். “அந்தக் கடைசி இருபதுல இன்னொருத்தன் பொழைச்சுக்குவான்.” பஞ்சாயத்து ஆட்களில் இவ்வளவு சுத்தமாக நிர்வாகம் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் போனுக்குச் சார்ஜ் போட எப்படியெல்லாம் பாடுபட்டிருக்கிறார்கள்! இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் ஜனங்கள் நாள்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 2010இல் அதற்காகவே ஒரு டெலிபோன் கம்பெனி ரப்பர் பூட்ஸ் ஒன்றைக் காட்டியது: பாதத்தின் சூட்டை மின்சாரமாக்கும். பன்னிரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு குதித்தால் போனுக்கு ஒரு மணி நேரச் சார்ஜ். நம்மவரிடம் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்தார். “சித்திரை வெயில்ல நம்ம தார் ரோட்டுல அந்த பூட்ஸைப் போட்டு நடந்தா காஞ்சிபுரத்துக்கே கரண்ட் குடுக்கலாம். ஆனா சாமிக்கு முன்னால செருப்பு போடக்கூடாதே” என்றார். பூட்ஸ் வேலை செய்வது உள்ளே இருக்கிற காலுக்கும் வெளியே இருக்கிற மண்ணுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில். ரோடே காலைவிடச் சுட்டால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஐயங்கார்குளத்துக் கூட்டத்துக்கு ஒரு பையன் மடக்குகிற சோலார் பேனலோடு வந்திருந்தான். ராத்திரி திருவிழாவுக்கு. நிலா முழுசாக இருக்கிறதே, கொஞ்சமாவது ஏறாதா என்று அவனுக்கு ஒரு ஆசை. பூரண நிலா வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் ஏறக்குறைய நாலு லட்சத்தில் ஒரு பங்கு. நம்மவர் அவனைத் திட்டவில்லை. முதுகில் தட்டி, தன் வயர் ஒன்றைக் கொடுத்து, “பேனலை விரி, பாட்டி படுத்துக்கட்டும்” என்றார்.

வயர்தான் அவருடைய பலம். அதனால்தான் ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் புது போன்களுக்கு டைப்-சி ஒன்றே போதும் என்று கட்டாயமாக்கியதில் அவருக்கு மனத்தாங்கல். எல்லோரிடமும் ஒரே வயர் என்றால் மூன்று தலை வயரை யார் மதிப்பார்கள்?

கூத்து ராத்திரிகளிலும் அவர் ஆஜர். இந்தப் பக்கம் கட்டைக்கூத்து மண். அருகிலிருக்கும் புஞ்சரசந்தாங்கலில்தான் பெருங்கட்டூர் ராஜகோபால் முன்நின்று 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிகிற வரைக்கும் ஆட்டம். தீவட்டி வெளிச்சத்தில் ஆடி, பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்து ஆடி, ட்யூப் லைட்டுக்கு வந்த கலை. முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் இன்றைக்கும் சார்ஜ் தேவையில்லை என்பதை நம்மவர் ஒரு பொறாமையோடுதான் பார்க்கிறார். கட்டியங்காரன் இவரை ஒரு நாள் விட்டுவைக்கவில்லை. துரியோதனன் நாட்டு நலம் விசாரிக்க, “மாதம் மும்மாரி பொழியுது மகாராஜா, ஆனா ஜனங்க போன்ல ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு. அதோ, நூறு பர்சென்ட்டோட ஒருத்தரு உக்காந்திருக்காரு பாருங்க, இனிமே அவருதான் ராசா, நீங்க கிரீடத்தைக் கழட்டுங்க!” கொட்டகை அதிர்ந்தது. நம்மவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அந்த நூறு பர்சென்ட் பொய்யல்ல. ஊர் போனையெல்லாம் ஏற்றித் தருகிறவர் தன் போனைத் தொடவே மாட்டார். அசம்பாவிதம் நேர்ந்தால் வேண்டுமாம். நடவாவியில் பெருமாள் படியிறங்குகிற நேரம் கூட்டம் “கோவிந்தா” என்று நகரும், கைகள் உயரும், அத்தனை போனும் ஒளிரும். நம்மவர் மட்டும் பம்ப்செட் ரூம் வாசலில் நாலு போனுக்குக் காவல். கிணற்றுக்குள் போகிற பெருமாளை அவர் இதுவரைக்கும் நேரில் சேவித்ததே இல்லை.

“வருத்தமா இல்லையா?”

“எதுக்கு? இன்னிக்கு எடுக்கிற வீடியோவுல பாதி என் கரண்டு. எல்லாரும் அனுப்புவாங்க. அதுதான் ஒப்பந்தம்.”

உண்மைதான். காசு வாங்க மாட்டார், வீடியோ வாங்கிக்கொள்வார். விடியற்காலையில் பிளாஸ்திரியை உரித்து ஒவ்வொரு போனையும் திருப்பிக் கொடுக்கும்போது, “அனுப்பிடு ராஜா, ஒரிஜினல் குவாலிட்டியில” என்பார். ‘தவில் 3%’ கூட அனுப்பினார். நெட் விட்டுவிட்டு வர, வாட்ஸப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது வீடியோ வந்து விழுந்தது. நம்மவர் முதல் தடவையாகத் தன் போனை எடுத்து, பெருமிதத்தோடு திரையை என் பக்கம் திருப்பினார். மேலே 98%. கீழே, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுபோன நாற்பது வட்டங்கள். நடுவில் ஒரு பெட்டி: மெமரி ஃபுல்.

“பேரன் போட்டோ ஆறாயிரம் இருக்கு. அழிக்க மனசு வரல” என்றார்.