மயிலுக்கு முந்தி சங்கிலி

ஏளா, என்னது இது, கடையையே தூக்கிட்டு வந்துட்டியா? கலர் கலரா ஆங்கர் நூலு, மூணு சைஸ்ல பிரேமு, பூப்போட்ட டப்பா வேற. ஊசியில நூல் கோக்கத் தெரியுமான்னு மட்டும் கேக்கப்பிடாது, என்ன? சரி, கேக்கல.

அத்தை மக கல்யாணத்துக்கு ஜாக்கெட்டுல மயில் போடப் போறியாம்லா. போடு தாயி, யாரு வேண்டாம்னா? மயிலுக்குத்தான் இன்னும் சேதி தெரியாது, பாவம். மொதல்ல தாத்தாவோட கிழிஞ்ச வேட்டியில ஒரு சாண் கோட்டுக்குச் சங்கிலித் தையல் போட்டுக் காட்டு. கோடு கோணினா கோணட்டும். அவரு உடுத்தும்போதே அந்த வேட்டி நேரா நின்னதில்ல.

கோடு போட டிரேசிங் பேப்பர் வேணுமாக்கும்? நீலகிரியில தோடப் பொம்பளைக வரைஞ்ச கோடும் இல்லாம, சட்டமும் இல்லாம, துணி இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கருப்புமா பூ எடுக்காக. 2013-ல அதுக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாக. உனக்குப் பென்சில் போதும்.

நூலு ஒரு முழம் எடு. நீ எடுத்திருக்க நீளத்துக்கு முத்தத்துல கொடி கட்டலாம். அந்த நூல்ல 6 இழை இருக்கு, 2 போதும். ஒவ்வொண்ணா உருவு, சேத்து இழுத்தா சிக்கெடுத்தே பொழுது போயிரும்.

இப்ப ஊசியைக் கீழருந்து மேல கொண்டா. நூலை வளையமா விட்டுப் பெருவிரலால அமுக்கிக்கோ. ஏறின ஓட்டையிலேயே எறக்கு. பக்கத்துல இல்லளா, அதே ஓட்டை! ஒரு நெல்லு நீளம் தள்ளி ஊசி மூக்கு எட்டிப் பாக்கும்லா, வளையம் அதுக்கு அடியில கெடக்கணும். இப்ப இழு. ஏ… மெதுவா! கெணத்துல தண்ணியா எறைக்கே? துணி சுருங்குது பாரு. வளையம் லேசா உப்பி நின்னாத்தான் அடுத்தது வந்து உக்காரும்.

கடைசி வளையத்துக்கு வெளிய ஒரு சின்னக் குத்து குத்திப் பூட்டிரு. அரிசிச் சாக்கு வாயில சரியான நுனியைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் சரசரன்னு உருவிக்கிட்டு வரும்லா? அதுவும் இதே சங்கிலித் தையல்தான். பந்தியில உக்காந்திருக்கையில உன் மயிலு இறகு உதுக்கப்பிடாது பாரு.

என்னது, ஆரி கிளாஸுக்கும் போகணுமா? இதே சங்கிலியக் கொக்கி ஊசியால வெரசாப் போடுதாக, வேறென்ன. அங்க பீஸு கேப்பாக. எனக்கு வெத்தலை போதும். பாக்கை மறந்துட்டு வந்தேன்னா மயிலுக்கு வால் சொல்லித் தரமாட்டேன்.