கை தட்டிக்கொண்டு வருபவர்

புதுவீடு பார்க்க வருகிறவர்கள் பால் காய்ச்சியாச்சா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார்கள். இவர் ஹாலின் நடுவே நின்று பட்டென்று ஒரு கை தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். இன்னொரு தட்டு. பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில், “எதிரொலி ஜாஸ்தி சார். கெட்டியா ஒரு திரை போடுங்க, கீழே கம்பளம் விரிங்க” என்பார்.

சென்னையில் அடுக்குமாடி தவறாமல் இப்படி ஒரு ஹோம் தியேட்டர் ஆசாமி இருக்கிறார். வாரம் முழுக்க பாங்கில் பொறுப்பாக வேலை பார்ப்பவர். சனிக்கிழமை மத்தியானம் என்றால் ரிச்சி தெரு ஸ்பீக்கர் கடைகளில் இருப்பார்.

கடைப்பையன் வழக்கம்போல் குண்டு வெடிக்கும் காட்சியைப் போடுவான். இவர் கையமர்த்துவார். “குண்டு எதுல போட்டாலும் வெடிக்கும் தம்பி. ரெண்டு பேர் பேசற சீன் போடு.” மனுஷக் குரல் எப்படி இருக்கும் என்று நம் காதுக்குப் பிறந்தது முதல் தெரியும், அது பீப்பாய்க்குள்ளிருந்து வந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம் என்பது அவர் கட்சி. அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் தீர்ந்தது. “இஸ்திரிப் பெட்டி இழுக்கற கரண்டுப்பா அது. இந்த நூல் ஒயர்லயா வருது?” வாட்ஸை விட்டுவிட்டு சென்சிடிவிட்டி எத்தனை டெசிபல் என்று விவரத்தாளில் தேடுவார். 90 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்பும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப நாலு மடங்கு பவர் வேண்டுமாம். கணக்கு சரிதான், நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆளுயரத் தூண் எதற்கு, நம்ம ஹாலுக்கு ஐந்தேகால் அங்குல வூஃபர் உள்ள சின்ன ஜோடியே தாராளம் என்று நமக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம்தான் வினை. முதுகில் காற்றுத் துளை இருப்பதால் சுவரிலிருந்து ஓரடி தள்ள வேண்டும். ஷோகேஸுக்குள் திணிக்கக் கூடாது. ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் நாமும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். முக்கோணத்துக்குள் யாராவது கட்டில் போட்டுப் படுத்திருந்தால், “பாட்டியைக் கொஞ்சம் நகர்த்தலாமா?” என்று கூசாமல் கேட்பார்.

சின்ன ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். ஆகவே 80 ஹெர்ட்ஸில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழ்ப்பட்ட உறுமலையெல்லாம் சப்வூஃபர் தலையில் கட்டுவார். அதற்கு இடம் பார்ப்பதுதான் உச்சகட்டம். சப்வூஃபரைத் தூக்கி சோபாவில், நாம் உட்காரும் இடத்தில் உட்கார வைப்பார். பேஸ் கனமான ஒரு பாட்டை ஓடவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாகத் தரையில் தவழ்வார். எந்த இடத்தில் பேஸ் குழம்பாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்க வேண்டும். உலகமெங்கும் கைக்கொள்ளும் முறைதான். ஆனால் மோட்டார் ரூம் சாவி வாங்க வந்த கீழ்வீட்டு மாமிக்கு இது எப்படித் தெரியும்? “என்ன தொலைஞ்சுது?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரும் சோபாவுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

நடுவில் வைக்கும் சென்டர், பின்னால் வைக்கும் ஸ்பீக்கர் உட்பட எல்லாம் பொருத்தியாயிற்று, இனிப் படம் பார்க்கலாம் என்று நினைப்போம். மழைக் காட்சி வரும். ரிமோட் அவர் கையில். “பின்னாடி சொட்டினது கேட்டுதா?” கேட்டது என்றாலும் விடமாட்டார், திரும்ப ஓட்டுவார். கதாநாயகி கடைசி மூச்சில் ரகசியம் சொல்லும்போது நிறுத்தி, “சென்டர் ஒரு டெசிபல் கம்மி” என்று எழுந்து போவார். அவள் என்ன சொன்னாள் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஸ்பீக்கர் வாங்க உத்தேசமிருந்தால் தயங்காமல் இவரைக் கூட்டிப் போங்கள், காசு மிச்சமாகும். படம் பார்க்க மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.