சரமகவிராயர்

16ஆம் நாள் கருமாதி முடிந்து, படத்திறப்புக்காகப் பந்தலில் நாற்காலிகளைத் திருப்பிப் போடும் சமயத்தில், அங்கவஸ்திரத்தின் முனையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து அமர்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். காலஞ்சென்றவரோடு அவருக்குப் பரிச்சயம் உண்டா என்று விசாரிப்பது வீண். இறந்துபோனதே போதிய பரிச்சயம் என்பது அவருடைய சித்தாந்தம்.

அவர் கைவசம் இருப்பது ஒரே ஒரு நேரிசை வெண்பா. கற்பகத்தருவும் கர்ணனும் வெட்கித் தலைகுனியுமாறு வாழ்ந்த இன்னார் விண்ணுலகம் ஏகினார், தமிழன்னை தேம்புகிறாள் என்பது அதன் திரண்ட பொருள். அந்த 'இன்னார்' என்ற இடத்துக்குக் கூவிளங்காய்ச் சீராக ஒரு நாமதேயம் வேண்டும். ராமசாமி, கந்தசாமி, முத்துசாமி யாராயினும் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவார்கள், வேணுகோபால்கூடப் பழுதில்லை. ஆகையால் எங்கள் ஊரில் சாமி என்று முடியும் பெயருடைய வயோதிகர் எவரேனும் படுக்கையில் விழுந்தால் கவிராயர் முகத்தில் ஒருவித நிம்மதி படர்வதை நான் கவனித்திருக்கிறேன்.

விபரீதம் விளைந்தது ஒரு மீனாட்சிசுந்தரம் காலமானபோது. நாலசைச் சீருக்கு வெண்பாவில் இடமில்லை. மீனாட்சி என்று குறைத்தால் தளை தட்டாதுதான், ஆனால் போனது யாரோ ஓர் அம்மாள் என்று ஊர் நினைத்துவிடும். சுந்தரம் என்று குறைத்தாலும் தட்டாது, ஆனால் எதிர்வீட்டுச் சுந்தரம் முன்வரிசையிலேயே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெயரையே அப்புறப்படுத்திவிட்டுச் 'செம்மலவன்' என்று போட்டார். சீர் பொருந்திற்று, யாருக்காகக் கூடியிருக்கிறோம் என்பது மட்டும் பாட்டில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டியை ஒட்டி வழங்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்பார்கள். நல்ல வேளையாக நம்மவர் இக்கரையில் பிறந்தார். இங்கே அவருடைய வெண்பா ஒற்றைத் தாள் நோட்டீஸாக மட்டுமே அச்சாகிறது, அதுவும் துக்க வீட்டார் செலவில்.

இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபமில்லை. தள்ளாத வயதிலும், கூப்பிடாத வீட்டுக்கும், வெயிலில் நடந்தே வருகிறார். வாழைக்காய்க் கறி நன்றாயிருந்தால் சமையற்காரனை உள்ளே போய்ப் பாராட்டிவிட்டு வருகிற நல்ல மனம் அவருக்கு உண்டு. ஆனால் கையறுநிலை என்று புறநானூறு துறை வகுத்துக் காட்டும் பாட்டுக்களைப் பாருங்கள். பாரிக்காக இரங்கிய கபிலர் பறம்பில் அவனோடு வாழ்ந்தவர்; அதியமானை இழந்த ஔவையார் கற்பகத்தருவை இழுக்கவில்லை, கள் கொஞ்சமாகக் கிடைத்த நாளில் அவன் என்ன செய்வான், நிறையக் கிடைத்த நாளில் என்ன செய்வான் என்று நினைத்து நினைத்து அழுதார். பழகியவர்களுக்குத்தான் அது தெரியும்.

அந்த மீனாட்சிசுந்தரத்தின் ஜவுளிக்கடையில் ஆதிமுதல் கணக்கெழுதிய குமாஸ்தா ஒருவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று பந்தற்காலைப் பிடித்தபடி நின்றார். கவிராயர் மூன்றாம் அடியை இரண்டாவது தடவையாக ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். இலை போட்டாயிற்று என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, கூட்டம் எழுந்தது, குமாஸ்தாவும் கூடவே போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்கத்தான் நான் இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன்.