சேதுச் சீமைக் கணினிகளில் எஸ்எஸ்டி தேர்வு: ஓர் ஆய்வு

நூன்முகம்

கணினியின் பட்டனைத் தட்டிவிட்டு உலை வைக்கப் போவது இராமநாதபுரத்து வீடுகளில் நெடுநாள் வழக்கு. உலை கொதித்து, அரிசி களைந்து போட்டுத் திரும்பி வந்தாலும் விண்டோஸின் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு வைரஸே காரணம் என்பது ஊரார் கொள்கை. ஹார்ட் டிஸ்கே காரணம் என்பது இவ்வாய்வின் கொள்கை. அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாம் என முடிவானதும் எதைப் போடுவது என்று எழும் சச்சரவு, பாகப்பிரிவினைக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது. ஆதலின் இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை

மேற்கே பரமக்குடி, கிழக்கே தனுஷ்கோடி, வடக்கே தொண்டி, தெற்கே மன்னார் வளைகுடா. ஆய்வுப் பொருள் வீட்டுக் கணினியின் இயங்குதளம் மட்டுமே. கேம் ஏற்ற 2 டிபி கேட்கும் பேரன்மார் எல்லைக்குப் புறம்பானவர்கள்.

முன்னோர் கருத்துகள்

இத்துறையில் முன்னோர் மூவர். முதலாமவர் சர்வீஸ் கடைத் தம்பி: “120 ஜிபி போதும்ணே, விலையும் கம்மி.” இரண்டாமவர் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் கீழக்கரைச் சபராளி: “7000 ஸ்பீடுக்குக் கொறஞ்சு வாங்காதீங்க காக்கா.” மூன்றாமவர் யூடியூபில் கரைகண்ட மைத்துனர்: “எழுத எழுதத் தேஞ்சு போகும் மச்சான், வாங்கவே வாங்காதீங்க.” மூவர் கருத்தும் கீழே மறுக்கப்படும்.

நோய் முதல் நாடல்

ஹார்ட் டிஸ்கின் தகடு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் ஹெட்டின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி நொடி ஆகும். ஹெட் நகர்ந்து தடம் பிடிக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு தேடலுக்குப் பத்து மில்லி நொடிக்கு மேல். சிறிதென்று எள்ளற்க. விண்டோஸ் எழும்போது கேட்பவை ஆயிரக்கணக்கான துண்டு துக்காணிகள். ஒவ்வொன்றுக்கும் ஹெட் ஓடித் திரும்ப வேண்டும்.

1956-இல் ஐபிஎம் 24 அங்குலத் தகடுகள் 50-ஐ அடுக்கி முதல் ஹார்ட் டிஸ்கை வெளியிட்ட நாள் முதல் இந்தச் சுற்றல் நிற்கவில்லை. தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987-இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகத்தில் சுற்றுவதற்கே ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி அதனால் ஆனது. தேடல் 0.1 மில்லி நொடி அளவில் முடிகிறது. நோய் இங்கேயே தீர்ந்தது, மற்றவை பத்தியம்.

பாம்பன் தேற்றம்

இனிச் சபராளியார் கூற்று. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி தரும். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3500, நான்காம் தலைமுறை 7000 வரை போகும். எண்ணைக் கண்டு மயங்குமுன் பாம்பன் ரயில் பாலத்தைக் காண்க.

1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போனது. மணிக்கு 10 கி.மீ. எனக் கொண்டால் கடக்கப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நீளமும் ஏறத்தாழ 2.1 கி.மீ.தான், தூக்குப் பகுதி நீங்கலாக 75 கி.மீ. வேகத்துக்கு அனுமதி. கடக்க இரண்டு நிமிடம் போதும். லாபம் பத்து நிமிடம். சரி, 150 கி.மீ. வேகத்தில் விட்டால்? மேற்கொண்டு கிடைப்பது ஒரு நிமிடம்கூடத் தேறாது. சென்னைக்குப் போகிறவர் எப்படியும் விடிய விடியப் பெட்டியில்தான் கிடக்க வேண்டும்.

கணினிக்கு இதே கணக்கை 1967-இல் ஜீன் ஆம்டால் சொல்லிவிட்டார்: ஒரு பகுதியை எவ்வளவு விரட்டினாலும் மற்றப் பகுதிகளுக்கு ஆகும் நேரம் குறையாது. ஹார்ட் டிஸ்கை விட்டு எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் அந்தப் பத்து நிமிடம் கைக்கு வரும். 550-ஐ விட்டு 7000-க்குத் தாவினால் கிடைப்பது ஒரு நிமிடம்கூடத் தேறாத அந்த மிச்சம். பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவருக்கு 7000 பயன்படும். பாஸ்வேர்டு அடித்து மெயில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

எண் 22 பற்றிய குறிப்பு

வழக்கமான எம்.2 எஸ்எஸ்டி 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதனால் 2280 எனப் பெயர். இராமேசுவரம் கோயிலின் தீர்த்தங்களும் 22. தற்செயல் என்பாரும் உளர். ஆய்வாளர் வாய் திறக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்று உறுதி: ஸ்லாட்டில் நுழைவதெல்லாம் வேலை செய்யாது. ஒரே உருவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். மதர்போர்டு எதை ஏற்கும் என்று மேனுவலில் பார்த்துவிட்டுக் கடையேறுக. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி காலத்து இயந்திரமாயின் ஆராய்ச்சியே வேண்டா. இரண்டரை அங்குலச் சாட்டா ஒன்றே கதி.

கொள்ளளவும் தேய்மானமும்

தம்பியின் 120 ஏன் ஆகாது? விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று. மிச்சத்தை அப்டேட் தின்னும். நிரம்பி வழியும் எஸ்எஸ்டி வேகமும் இழக்கும். ஆகவே 256 போதும், 500 தாராளம். 500 போட்டால் திரையில் 465 என்றுதான் காட்டும். “மிச்சம் 35 எங்கப்பா?” என்று தம்பியின் சட்டையைப் பிடிக்க வேண்டா. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

இனி மைத்துனர். ஓர் அறைக்கு 3 பிட் வைத்தால் டிஎல்சி, 4 பிட் திணித்தால் கியூஎல்சி. திணிக்கத் திணிக்க விலையும் குறையும், ஆயுளும் குறையும். நல்ல 500 ஜிபி டிஎல்சிக்கு 300 டெராபைட் எழுதும்வரை வாரண்டி தருவதுண்டு. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 41 ஆண்டு. மைத்துனர் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஆனால் அவர் கவலைப்படாத ஒன்று உண்டு. எழுதி ஆயுள் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் தரக்கட்டளை. நம்மூர் பீரோவுக்குள் 30 டிகிரி மார்கழியில் கிடைத்தால் உண்டு. எனவே கல்யாண வீடியோவை எஸ்எஸ்டியில் ஏற்றிப் பூட்டி வைக்கற்க. பழைய ஹார்ட் டிஸ்கை அதே கணினியில் இரண்டாவதாக மாட்டி அதில் வைக்க. வேறிடத்தில் ஒரு நகலும் வைக்க.

உப்பு இயல்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையமே வைத்திருக்கிறார்கள். அத்தகைய காற்று நம் சிபியு பெட்டிக்குள்ளும் போய் வருகிறது. அதற்கு நாட்டு வைத்தியம் யாவரும் அறிந்ததே: ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, “இப்பப் போடுங்க” என்பது. எம்.2 எஸ்எஸ்டிக்கும் அதே பொன்னிறப் பற்கள்தாம். தேய்ப்பதற்குத் தடையில்லை; ஊதாதீர். எச்சிலிலும் உப்பு உண்டு.

முடிவு

500 ஜிபி, டிஎல்சி, ஸ்லாட்டுக்குப் பொருந்தியது, ஐந்தாண்டு வாரண்டி, கையில் பில். 7000-க்கு ஒதுக்கிய பணத்தின் மிச்சத்தில் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. எழுதும்போது கரண்ட் போனால் எந்தத் தலைமுறை எஸ்எஸ்டிக்கும் அது கெட்ட நேரமே.

வாய்மொழித் தேர்வு

ஆய்வேடு, வீட்டின் நிதித் துறையைக் கையில் வைத்திருக்கும் அம்மாவிடம் சமர்ப்பிக்கப்பட்டது. புறத்தேர்வாளரும் அவரே. கேள்வி ஒன்றே கேட்டார்: “இருக்கறது ஓடத்தானே செய்யுது?”

“ஓடுதும்மா, பழைய பாலத்துல.”

பணம் ஒப்பளிக்கப்பட்டது, 256 ஜிபிக்கு மட்டும்.