பெயர்ப்பலகை மாற்றியமைக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலுக்கு,

2025-ஐச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாகத் தாங்கள் அறிவித்ததைப் பாராட்டவே இக்கடிதம். அதற்கு முன்பே, 2024-25 முதல், தரமான கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கை உச்சவரம்பை நீக்கி வழிவிட்டிருந்தீர்கள். கல்லூரிகளும் சும்மா இருக்கவில்லை. சிவிலும் மெக்கானிக்கலும் ஒதுங்கிக்கொள்ள, ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ பலகை ஏறியது. பல இடங்களில் ஆய்வகத்துக் கணினிகள் பழையவைதான், வாசலில் பெயர்தான் புதிது. பாடம் நடத்த ஆள்? அந்தக் கவலை வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காகிதத்தில் காட்டப்பட்டதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. மனித மூளையின் இந்தச் சாதனையை எட்ட இயந்திரத்துக்கு இன்னும் காலம் பிடிக்கும்.

ஏஐ படித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள் அட்மிஷன் மேசைக்காரர்கள். அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை அலசிய ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-இல் சொன்னது வேறு. மென்பொருள் போல ஏஐ அதிகம் புகுந்த தொழில்களில், 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருக்கிறது. மூத்தவர்களுக்கு அந்த அடி இல்லை. சின்னச் சின்ன நிரல், டெஸ்டிங் என்று புதியவர் கைபழகும் வேலையை இயந்திரம் செய்கிறது. அதன் விடையில் ஓட்டை கண்டுபிடிப்பவருக்கே கிராக்கி. பாலத்தின் பளுக் கணக்கை ஏஐ தப்பாகப் போட்டால் பிடிக்கத் தெரிந்தவர் சிவில் படித்தவர். அந்த இடங்களைத்தான் குறைத்துவிட்டார்கள்.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்பீர்கள். நம் ஐடி நிறுவனங்களின் பெரிய வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கணினி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள் என்றால், அது நியாயமான பேச்சு. ஆனால் அப்போது நிறுவனங்கள் எந்தப் பிரிவு மாணவரையும் எடுத்து, சம்பளம் கொடுத்து, மாதக்கணக்கில் பயிற்சியும் தந்தன. வேலை விளம்பரங்களே ஏஐ கேட்கின்றனவே என்றால், கேட்கின்றன. அடுத்த வரியிலேயே ‘இரண்டாண்டு அனுபவம்’ என்றும் கேட்கின்றன. அதை எந்த செமஸ்டரில் வைக்க உத்தேசம்?

ஆகவே ஒரு சிறு விண்ணப்பம். ஏஐ இடங்களைக் கூட்டக் கேட்டு வரும் கல்லூரியிடம், போன ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு, என்ன வேலை, என்ன சம்பளம் என்ற முழுப் பட்டியலை வாங்கி வெளியிடுங்கள். நெடுஞ்சாலை விளம்பரத்தில் சிரிக்கும் அந்த ஒரு மாணவரின் சம்பளம் மட்டும் வேண்டாம். அது எங்களுக்கு மனப்பாடம்.