பொதுமக்கள் எந்தத் துறை?

அனுப்புநர்:
அழைப்பிதழைக் கடைசி வரி வரைக்கும் படித்துத் தொலைத்த ஒருவன்,
மதுரை.

பெறுநர்:
விழாக் குழுத் தலைவர் அவர்கள்,
மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சகல பல்கலைக்கழக, கல்லூரி வளாகங்கள்.

பொருள்: பொதுக் கருத்தரங்கிற்குப் பொதுமக்கள் வந்துவிட்டது – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அழைப்பிதழின் கடைசி வரி, 'அனைவரும் வருக'.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

'அனைவரும் வருக' என்று நீங்கள் அச்சடித்ததை நம்பி வந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். கல்யாணப் பத்திரிகையில் அப்படிப் போட்டால் நிஜமாகவே வரச்சொல்கிறார்கள் என்று அர்த்தம். வளாக அழைப்பிதழில் அது அடியில் மிச்சமிருக்கும் இடத்தை அடைக்கப் போடுகிற வரி என்பது எனக்கு இத்தனை வயதுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எந்த வளாகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற வளாகத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்: 'நம்மைப் பற்றித்தானே எழுதியிருக்கிறான், அவர்கள் பேரை எதற்குப் போட்டான்?'

வாசலில் ஒரு நீள நோட்டு. வரிசை எண், பெயர், துறை, வந்த நேரம், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. "எந்த டிபார்ட்மெண்டுண்ணே?" என்றார் காவலர். "பொதுமக்கள்" என்றேன். அவர் நோட்டை இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். அந்தத் துறையிலிருந்து இதற்கு முன்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று தேடினார் போலிருக்கிறது. "அப்பிடி ஒரு டிபார்ட்மெண்ட் இங்கன இல்லையேண்ணே. கெஸ்ட்டா? கெஸ்ட்டுன்னா பேரு பிளெக்ஸ்ல இருக்கணும்." இருவரும் திரும்பி பிளெக்ஸைப் பார்த்தோம். பதினோரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. என்னுடையது இல்லை. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். "இதரன்னு போட்டுட்டுப் போங்கண்ணே."

நாற்பது வருஷம் வரி கட்டி நான் வாங்கிய பட்டம் அது.

அரங்கத்தில் முதல் இரண்டு வரிசையும் சோபா. மேலே வெள்ளைத் துண்டு, துண்டுக்கு மேல் 'வி.ஐ.பி.' என்று ஒட்டிய தாள். அதற்குப் பின்னால் மூன்று துறைகளின் முதலாமாண்டு மாணவர்கள். கடைசியில்தான் வருகைப் பதிவு என்று சொல்லி வைத்திருந்ததால் ஒருவரும் எழுந்து போகவில்லை. பத்தரை மணி விழா பதினொன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கில் ஐந்து திரி, மேடையில் ஏழு பிரமுகர்கள். இந்தக் கணக்கை எப்படித் தீர்ப்பீர்கள் என்று ஆவலாக இருந்தேன். மின்விசிறியை நிறுத்தினார்கள், மெழுகுவத்தி கை மாறியது, ஆறாமவர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த திரியை இன்னொரு தரம் ஏற்றினார். ஏழாமவர் மெழுகுவத்தியைப் பிடித்திருந்த கையைத் தொட்டுக்கொண்டு காமிராவைப் பார்த்தார். அவரவருக்கு ஒரு பொன்னாடை. அதில் ஒன்று பாலித்தீன் உறையோடேயே தோளில் ஏறியது.

அப்புறம் வாழ்த்துரைகள். ஒவ்வொருவரும் 'நேரமின்மை கருதிச் சுருக்கமாக' என்று ஆரம்பித்து, அதற்கான காரணத்தை விரிவாகச் சொன்னார்கள்.

தலைப்பு என்னவோ நல்ல தலைப்பு. கண்மாய்களும் நீர் மேலாண்மையும். மதுரைக்காரனுக்கு இதைவிட நெருக்கமான விஷயம் எது? உயர் நீதிமன்றக் கிளை 2004இல் வந்து உட்கார்ந்த ஊரின் பெயர் உலகனேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், பஸ் பிடித்து வந்த கிராமத்துக்காரர், ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மடையைச் சரி பண்ணச் சொல்லுறாக, கரையை உசத்தச் சொல்லுறாக. வரத்துக்கால்வாயையே காணமே தம்பி. தண்ணி எந்த வழியா வரும்?" என்று என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிரலில் கலந்துரையாடலுக்கு அரை மணி நேரம் என்று அச்சாகியிருந்தது. பேராசிரியர் பேசி முடித்ததும் பெரியவர் கையைத் தூக்கினார். தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார்: "நேரமின்மை கருதி, கலந்துரையாடலைத் தவிர்த்து, அடுத்ததாக நன்றியுரை."

நன்றியுரை பதினொரு நிமிஷம். ஒலி ஒளி அமைத்தவருக்கு, சிற்றுண்டி வழங்கியவருக்கு, 'திரளாக வந்திருக்கும் பொதுமக்களுக்கு'. பெரியவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஐயா, இது கேள்வி கேட்டே பேர் வாங்கிய ஊர். சிவபெருமானே வந்து நின்றபோதும் பாட்டில் பிழை சொன்ன நக்கீரர் கதை உங்கள் தமிழ்த்துறையில் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் பொற்றாமரைக் குளத்தில் போய் விழுந்தார், உண்மைதான். ஆனாலும் கேட்க விட்டார்கள். நேரமின்மை கருதி என்று சொக்கநாதர் சொல்லவில்லை. அதே கதைகளில் சங்கப் பலகை ஒன்று வரும். தகுதியுள்ள புலவர் புதிதாக வந்தால் அது நீண்டு இடம் கொடுக்குமாம். உங்கள் சோபா நீளாது என்பது தெரியும். அதில் ஒட்டின தாளையாவது விழா தொடங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கிழிக்கலாமே? அன்றைக்கு முன்வரிசையில் பாதிக்கு மேல் துண்டுகள்தான் உட்கார்ந்து கேட்டன.

நேரமின்மை என்ற சொல்லுக்கு உங்களிடம் ஒரு அர்த்தம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. 1941இல் அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த என். சங்கரய்யாவை, பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் வெள்ளைக்கார அரசு பிடித்து உள்ளே போட்டது. மாணவர் இயக்கத்தில் நின்று பேசியவர். பட்டம் போயிற்று. எண்பது வருஷம் கழித்து, 2023இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கத் தீர்மானம் போட்டது. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2ஆம் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. உயர்கல்வி அமைச்சர் விழாவுக்கு வராமல் புறக்கணித்தார். மேடை இருந்தது, அங்கி இருந்தது, வேந்தரும் இருந்தார். ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. நவம்பர் 15ஆம் தேதி, நூறு வயது தாண்டிய சங்கரய்யா காலமானார். நடுவில் பதின்மூன்று நாள். நேரமின்மை என்றால் அதுதான் ஐயா நேரமின்மை.

உங்களை மட்டமாகப் பேசுவதாக நினைக்கக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகம் 1966இல் வந்தபோது இந்தச் சீமைக்கே ஒரு கதவு திறந்தது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். அஞ்சல் வழியில் பாடம் அனுப்ப ஆரம்பித்த பிறகு, கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாதவர்கள் வேலை பார்த்துக்கொண்டே பட்டதாரி ஆனார்கள். துணைவேந்தராக இருந்த மு.வ., அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடிதமாகவே புத்தகங்கள் எழுதியவர். ஆகவே கடிதம் எழுதுவது வளாக மரபுக்கு விரோதமில்லை என்று இதை ஒரு துணிச்சலில் எழுதுகிறேன். 2025இல் அங்குள்ள மரபியல் ஆய்வாளர்கள், லிவர்பூல் ஆய்வகத்தோடு சேர்ந்து, கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் வரைந்து காட்டினார்கள். சுமார் 2,500 வருஷத்துக்கு முந்தின ஆட்கள். ஆய்வுக்கூடம் செத்தவனுக்கு முகம் கொடுக்கிறது. விழாக் குழுக்கள் உயிரோடு வந்தவனுக்கு முகம் கொடுத்துப் பேசினால் போதும்.

பொதுக்கூட்டம் எப்படி நடத்துவது என்று தெரியவில்லை என்றால் தூரமாகப் போக வேண்டாம். ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடிக்குப் போங்கள். சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து. அங்கே பள்ளி நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. மலைக்கு வாசல் நோட்டு கிடையாது. 2010 வாக்கில் தொடங்கிய பசுமை நடைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஊராரைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட குன்றுகளுக்குப் போவார்கள். தொல்லியல் அறிஞர் பாறைமேல் நின்று பேசுவார். சின்னப் பிள்ளை குறுக்கே கேள்வி கேட்கும். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே இட்லி.

மலைகளைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்கிறீர்களா? மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்திருப்பதாகத் தெரிந்தது. ஊர்கள் கூடிப் பேசின, கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் சனம் நடந்தே வந்தது. 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபையில் வாழ்த்துரை கிடையாது. கேள்வி நேரம் மட்டும்தான். உங்கள் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகப் பிடித்தால் அது கிடைக்கும்.

உங்கள் சங்கடமும் புரிகிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழுவின் அளவுகோல்களில் விரிவாக்கப் பணி என்று ஒன்று உண்டு. சமூகத்தோடு கலந்ததற்கு அத்தாட்சி வேண்டும், இடமும் நேரமும் பதிந்த ஜியோ டேக் போட்டோ வேண்டும். அன்றைக்கு ஒரு தம்பி போனோடு வந்து, "ஐயா, ரெண்டு பேரும் கொஞ்சம் பிள்ளைகளுக்கு நடுவுல உட்காருங்க" என்று எங்களை இடம் மாற்றி வைத்து எடுத்தாரே, அது அதற்குத்தான் என்று பிறகு புரிந்தது. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சமூகம் என்று ஒன்று அன்றைக்கு வந்திருந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி.

அந்த அறிக்கையில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். மிக்சரும் ஜிலேபியும் இருந்த பொட்டலத்தோடு பெரியவரும் நானும் வெளியே வந்தோம். வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில் அதே காவலர் நின்றிருந்தார். "என்னண்ணே பேசுனாங்க?" "கண்மாயைப் பத்தி." "எங்கூர்ல வரத்துக்கால்வாயே காணாமப் போச்சுண்ணே," என்றார் அவர். பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

காவலர் சொன்னார். முதலில் தாலுகா ஆபீசில் புல வரைபடம் வாங்கினார்களாம். கால்வாய் எந்தெந்த சர்வே நம்பரில் போகிறது என்று குறித்துக்கொண்டு சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தார்களாம். ஆக்கிரமித்தவர்களில் ஒருவர் காவலருடைய சித்தப்பாவே. அப்புறம் தலைக்கட்டு வரி போட்டு, ஜேசிபி வாடகைக்கு எடுத்து, ஒன்றரை கிலோமீட்டர் சீமைக் கருவேலத்தைத் தூரோடு பிடுங்கினார்களாம். "தண்ணி வந்துச்சா?" என்றார் பெரியவர். "போன ஐப்பசியில கலுங்கு மறுகால் போச்சு. சித்தப்பாதான் இன்னும் பேச மாட்டேங்குறாரு."

பெரியவர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார். எழுதத் தாள் இல்லை. உங்கள் அழைப்பிதழை மடித்து வைத்து, 'அனைவரும் வருக'வுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் 'புல வரைபடம், சர்வேயர், தலைக்கட்டு' என்று வரிசையாக எழுதிக்கொண்டார்.

கலந்துரையாடல் மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். ஜியோ டேக் போட்டோ எடுக்க மறந்துவிட்டோம். அதற்காகவும் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இதர.

நகல்: வாசல் காவலருக்கு, தகவலுக்காகவும் அடுத்த நோட்டில் ஒரு துறை கூட்டிக்கொள்வதற்காகவும்.